நவ் தொகுப்புகள் ஸ்ட்ரீமிங்கில் என்ன ஆகின்றன? – அனுபவப் பகிர்வு

பி_பக்கம்

அந்தந்தக் காலத்தின் ஹிட் பாட்டுகளைச் சேர்த்து பிரிட்டனில் வரும் 'நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' (சுருக்கமாக நவ்) வரிசையின் முதல் தொகுப்பு, 1983 நவம்பர் 28-ல் வந்தது. இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இரட்டை எல்பி (இரண்டு நீளத் தட்டு, நாலு பக்கம்), 30 பாட்டு, அதில் 11 பிரிட்டனில் நம்பர் ஒன். ஒரு செயலியில் அதை யாரோ பிளேலிஸ்ட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஃபில் காலின்ஸில் தொடங்குகிறது, வரிசை பிசகவில்லை. யூபி40-யின் 'ரெட் ரெட் வைன்' வரும் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நிமிடத்தில் தேய்ந்து அடங்க வேண்டிய பாட்டு அது. அடங்கவில்லை. தாளம் விடாமல் தொடர, குழுவின் ஆஸ்ட்ரோ உள்ளே வந்து சொற்களை அடுக்கிப் பேசிப் பாடுகிறார். இன்னும் இரண்டு நிமிடம் ஓடுகிறது.

1983-ல் பிரிட்டனில் 7 அங்குலத் தட்டாக, அதாவது தனிப் பாட்டாக விற்கும் சிங்கிளாக வந்த வடிவத்தில் அந்தப் பகுதி கிடையாது. அது ஆல்பத்தில் இருந்த நீள வடிவம். 1988-ல் அமெரிக்காவில் பாட்டு முதலிடம் போனது அந்த வடிவத்தை ரேடியோ எடுத்துக்கொண்ட பிறகுதான். பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' பாட்டிலும் அதே கதை: சிங்கிள் நாலரை நிமிடம், ஆல்பத்தில் ஏழு. பிளேலிஸ்ட்டில் ஏழுதான் உட்கார்ந்திருக்கிறது.

30 பாட்டை நாலு பக்கத்தில் அடக்கினால் பக்கத்துக்கு ஏழெட்டு. ஒரு எல்பி பக்கத்தில் 22 நிமிடம் வரை தாராளமாகப் பதிக்கலாம். 28-ஐத் தொட்டால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்கள் நெருங்கிவிடும், ஒலியளவைக் குறைத்துத்தான் பதிக்க முடியும். நீள வடிவத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் கணக்கில் பிறந்த பொருள் இது. பெயர்ப்பட்டியல் மட்டும் தப்பித்து வந்திருக்கிறது. வேறு தொகுப்புகளில் இப்படிக் கண்டவர்கள் எழுதுங்கள்.

தட்டு_சேகர்

பி_பக்கம் சார், பிளேலிஸ்ட்டை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவிகள் செய்யும் வேலை இது. பல கருவிகள் பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் வைத்துத் தேடி, மேலே வருவதை எடுத்துக்கொள்ளும். மேலே வருவது அதிகம் கேட்கப்பட்ட வடிவம். 1983-ல் எது வந்தது என்று அதற்குத் தெரியாது.

ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகக் கொடுக்கப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. அடையாள எண்ணை வைத்துத் தேடினால் ஓரளவு பிழைக்கலாம். 12 இடம்: நாட்டுக்கு 2, பதிவாளருக்கு 3, ஆண்டுக்கு 2, வரிசை எண்ணுக்கு 5. இதில் பலரும் சறுக்குவது அந்த ஆண்டு இலக்கத்தில். அது எண் கொடுக்கப்பட்ட ஆண்டு, பாட்டு பதிவான ஆண்டு இல்லை. 1983 பாட்டுக்கு 03 என்றோ 11 என்றோ இருந்தால் பதறத் தேவையில்லை. பழைய பதிவின் ஒலியை மெருகேற்றி ரீமாஸ்டர் செய்தால் புது எண் வாங்கிவிடுவார்கள்.

இதைவிட மோசமான ஒன்று ஒரு மலிவு '80-களின் ஹிட்ஸ்' தொகுப்பில் கிடைத்தது. அட்டையில் அசல் குழுவின் பெயர், குரலும் அதே குரல், ஆனால் வயதான குரல். டிரம் இயந்திரத்தின் ஒலியே வேறு. தகவல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மறுபதிவு'. பழைய மாஸ்டர் (மூலப் பதிவு) லேபிளிடம், அதாவது இசைத்தட்டு நிறுவனத்திடம் இருப்பதால் குழுவினர் தாங்களே மறுபடி பாடிப் பதிந்து உரிமத்துக்குக் கொடுப்பார்கள், தொகுப்பவருக்கு மலிவாகக் கிடைக்கும். 1968-லிருந்து ஹால்மார்க் லேபிள் வெளியிட்ட 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தட்டுகளில் பெயர் தெரியாத பாடகர்கள் அப்படியே நகலெடுத்துப் பாடினார்கள். அதையாவது வாங்கினவர்கள் தெரிந்தே வாங்கினார்கள்.

சரிபார்க்க எளிய வழி: ஒவ்வொரு தடத்தின் நீளத்தையும் பழைய சிங்கிளின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வினாடி வித்தியாசம் இருந்தால் விடலாம். பத்து வினாடியைத் தாண்டினால் வேறு வடிவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாரணி_எம்

ரெண்டு பேரும் சொல்றதை முழுசா ஒத்துக்க முடியல. தொகுப்பு ஆல்பத்துல எப்பவும் அசல் வடிவம்தான் இருந்ததுங்கிற மாதிரி பேச்சு போகுது. 70-கள்ல கே-டெல்னு தொகுப்பு போடற கம்பெனி ஒரே எல்பில 20 பாட்டு போட்டாங்க, பக்கத்துக்கு பத்து. எப்படி அடைச்சாங்க? நடு இசையை வெட்டி, கடைசி பல்லவியை முன்னாடியே தேய்ச்சு முடிச்சு. அந்த வெட்டை ரசிச்ச தலைமுறைதான் இப்போ ரெண்டு நிமிஷம் கூடிப்போச்சுன்னு வருத்தப்படுது.

தொகுப்பு வித்ததுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு: 30 சிங்கிளைத் தனித்தனியா வாங்கக் காசு கிடையாது. அந்தக் காரணம் 2008-ல ஸ்பாட்டிஃபை வந்ததும் போயிடுச்சு. லேபிள்களே அதைப் புரிஞ்சுக்கிட்டு யூனிவர்சல் டிக்ஸ்டர், சோனி ஃபில்டர், வார்னர் டாப்சிஃபைன்னு பிளேலிஸ்ட் பிராண்டு ஆரம்பிச்சாங்க. போன மாசப் பாட்டை எடுத்துட்டு இந்த மாசப் பாட்டைப் போடலாம். சிடில அது முடியுமா?

காப்பக_ராமு

தாரணி அக்கா, நீங்கள் சிறப்பு என்று சொல்வதே எங்கள் பயம். போன மாதப் பாட்டை எடுத்துவிடுகிறார்கள். எடுத்த தடயம் எங்கேயும் இல்லை. 2016-ல் ஒரு குறிப்பிட்ட வாரம் அந்தப் பட்டியல்களில் என்ன இருந்தது என்று இன்று செயலியைத் திறந்து பார்க்கவே முடியாது. நவ் 44 அப்படி இல்லை. 1999 கடைசியில் பிரிட்டன் என்ன கேட்டது என்பது இரண்டு சிடியில் உறைந்து கிடக்கிறது. அந்த வரிசையிலேயே அதிகம் விற்றது அதுதான்.

கே-டெல் வெட்டியது உண்மை. ஆனால் வெட்டு வேறு, மாறிப்போவது வேறு. வெட்டிய வடிவமும் அந்தத் தட்டில் நிலையாக இருக்கிறது, இன்றைக்கும் ஊசியை வைத்துக் கேட்டுச் சொல்லலாம்.

காசைப் பற்றிச் சொன்னீர்கள். தொகுப்பு சிடியில் ஒவ்வொரு தடத்துக்கும் இன்ன நாட்டுக்கு, இன்ன வடிவத்துக்கு, இத்தனை வருடத்துக்கு என்று உரிமம் வாங்கி, விற்ற பிரதிக்கு ஏற்ப லேபிள்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மிச்சம் தொகுத்தவருக்கு. ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடம் ஓடினால் பணம் அந்தப் பதிவின் உரிமையாளருக்குப் போகும். தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியவருக்கு ஒன்றும் இல்லை. 2013-ல் டான்ஸ் தொகுப்புகள் வெளியிடும் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் நிறுவனம் ஸ்பாட்டிஃபை மீது லண்டனில் வழக்குப் போட்டது இதற்காகத்தான். அவர்கள் தொகுப்புகளின் பெயரையும் வரிசையையும் அப்படியே நகலெடுத்துப் பயனர்கள் பிளேலிஸ்ட் போட்டிருந்தார்கள். பாட்டு அவர்களுடையது அல்ல, வரிசை அவர்களுடையது. வரிசைக்கு உரிமை உண்டா என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் இந்தத் துறையே வேறு மாதிரி போயிருக்கும். 2014-ல் சமரசமாகிவிட்டது. அந்த பிளேலிஸ்ட்டுகளைத் தேடலில் வராமல் மறைத்தார்கள், புதிதாக யாரும் பின்தொடர முடியாதபடி செய்தார்கள், அழிக்கவில்லை. கேள்விக்கு இன்று வரை தீர்ப்பு இல்லை.

1989 ஜனவரியில் பிரிட்டன் ஆல்பம் பட்டியலிலிருந்து தொகுப்புகளைப் பிரித்துத் தனிப் பட்டியலுக்கு அனுப்பினார்களே, அப்போதே தொகுத்தவரின் வேலையை இரண்டாம் தரமாக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

ஃப்ளாக்_கண்ணன்

சாம்பல் நிறமாகிப்போகும் தடங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு சேவையில் லேபிளே போட்ட தொகுப்பு, 40 தடம். திறந்தால் நடுவில் நாலு வரி மங்கிக் கிடக்கிறது, தொட்டால் ஓடாது, அடுத்ததுக்குத் தாவிவிடும். உரிமக் காலம் முடிந்த தடங்கள். பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை.

அதனால் சிடி கையில் இருப்பவர்கள் இப்போதே ரிப் செய்து, அதாவது கணினியில் கோப்பாக எடுத்துவிடுங்கள். தொகுப்பு சிடியை ரிப் செய்வதில் தனி வில்லங்கங்கள் உண்டு, வரிசையாகச் சொல்கிறேன்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற ரிப் மென்பொருளில் செக்யூர் மோட் (பிழை பார்த்துப் படிக்கும் முறை) வையுங்கள். டிரைவின் ரீட் ஆஃப்செட்டை (படிக்கத் தொடங்கும் இடம் சற்றுத் தள்ளிப்போவதை) முதலில் சரிசெய்து, மற்றவர்கள் எடுத்த ரிப்போடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் பொருந்துகிறதா என்று பார்த்து, தரம் இழக்காத ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 வேண்டுமென்றால் பிறகு ஃப்ளாக்கிலிருந்து எடுக்கலாம். பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஓடும் டான்ஸ் தொகுப்புகளில் எம்பி3 கட்டாயம் சொதப்பும். அது 1152 ஒலி மாதிரிகள் கொண்ட ஃப்ரேம்களாகவே எழுதப்படுவதால் தடத்தின் தலையிலும் வாலிலும் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். அந்த அளவைக் கோப்பின் தலைப்பகுதியில் படிக்கத் தெரியாத பிளேயரில், கலவை நடுவே ஒவ்வொரு தடமும் மாறும்போது ஒரு சின்ன விக்கல் கேட்கும்.

அடுத்தது டேக், கோப்புக்குள் எழுதும் பாட்டு விவரம். பெரும்பாலானோர் மாட்டுவது இங்கேதான். 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் அந்தந்தப் பாடகர், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் எல்லாவற்றுக்கும் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்', 'கம்பைலேஷன்' இடத்தில் 1, டிஸ்க் எண் 1/2, 2/2. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டை விட்டுவிட்டால் 40 பாட்டும் 40 ஆல்பமாகச் சிதறும். டிஸ்க் எண்ணை விட்டால் இரண்டு சிடியின் முதல் தடமும் அடுத்தடுத்து ஓடும். டேக் நிரப்பும் பிக்கார்டு மென்பொருளில் சிடி லுக்கப் (சிடியை வைத்துத் தேடல்) கொடுத்து, பின்னட்டையில் உள்ள கேட்டலாக் எண்ணை ஒப்பிட்டுச் சரியான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் நவ் 2009-ல் சிடியாக மறுவெளியீடு ஆனது. அந்தத் தேதியை மட்டும் போட்டால் 80-கள் பட்டியலில் பாதிப் பாட்டு வராது. 'ஒரிஜினல் டேட்' தனியாக நிரப்ப வேண்டும்.

ஒலியளவு: தொகுப்பை மாஸ்டர் செய்தவர் பாட்டுக்குப் பாட்டு அளவைக் காதால் சமன் செய்திருப்பார். ஒலியளவைச் சமன் செய்யும் ரீப்ளேகெயினை ஆல்பம் கணக்கில் போட்டால் அந்த வேலை தங்கும், தடக் கணக்கில் போட்டால் அழியும். ஸ்பாட்டிஃபையில் கேட்கும்போது பல ஆல்பப் பாட்டுகள் சேர்ந்த பிளேலிஸ்ட்டில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவரப்படும். அமைதியான பாலாட் பாட்டும் ஆட்டப் பாட்டும் ஒரே உயரத்தில் நிற்பது அதனால்தான். பிளேலிஸ்ட்டாகவே கேட்பவர்கள் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடை 0-வில் வைத்து, இடைவெளி இல்லாமல் ஓட்டும் கேப்லெஸ்ஸை இயக்குங்கள்.

கடைசியாக ஒன்று. 80-களின் ஆரம்பத்தில் அச்சான சில சிடிகளில் ப்ரீ-எம்ஃபசிஸ், அதாவது உயர் ஒலிகளைக் கூட்டிப் பதியும் முறை இருக்கும். சிடி பிளேயர் அதைத் தானே சரிசெய்துவிடும், ரிப் செய்த கோப்பில் ஒலி கீச்சென்று கூர்மையாக வரும். சாக்ஸ் மென்பொருளில் டிஎம்ஃப் (deemph) கட்டளை கொடுத்தால் சரியாகும்.

வண்டி_பாட்டு

கண்ணன் அண்ணா எழுதினதுல கார் பென்டிரைவ் விட்டுப்போச்சு. நம்ம ஊர்ல ஹிட்ஸ் தொகுப்பு இன்னும் உயிரோட இருக்கறது அதுலதான். முன்னாடி ரெக்கார்டிங் கடைல சீட்டு எழுதிக் கொடுத்தா 60 நிமிஷக் கேசட்ல பக்கத்துக்கு ஆறு பாட்டு. அப்புறம் எம்பி3 சிடி: 128 கேபிபிஎஸ்ல நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி, 5 நிமிஷப் பாட்டுன்னா 700 எம்பில 140 பாட்டு. சினிமாப் பாட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆடியோ கம்பெனிகிட்ட இருந்ததால, எல்லாரையும் சேர்த்து 'இந்த வருஷ ஹிட்ஸ்'னு முறையா உரிமம் வாங்கிப் போடறது இங்க சுலபமா இல்ல. அந்த இடத்தைக் கடைக்காரர் நிரப்பினார்.

பென்டிரைவ்ல ஒரே தொல்லை: நீங்க அடுக்கின வரிசைல பாடாது. பல கார் ஸ்டீரியோ கோப்புப் பெயரைப் பார்க்காது, எது முதல்ல காப்பி ஆச்சோ அதை முதல்ல பாடும். எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மேட்டைப் படிக்காத ஸ்டீரியோவும் இருக்கு, அதனால ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணுங்க. பெயருக்கு முன்னாடி 001, 002-ன்னு போடுங்க. வெறும் 1, 2-ன்னு போட்டா 1-க்கு அடுத்து 10 வரும். ஃபோல்டர் ஃபோல்டரா, ஒவ்வொண்ணா வரிசையில காப்பி பண்ணுங்க. இல்லேன்னா வரிசையைச் சரிபண்ற ஃபேட்சார்ட்டர் மென்பொருளை ஓட்டுங்க.

சரிகம கம்பெனி 2017-ல கொண்டுவந்த கார்வான்ங்கற பாட்டுப் பெட்டியையும் தொகுப்பு ஆல்பம்னுதான் சொல்லணும். பெட்டிக்குள்ளயே 5000 பாட்டு. உள்ள இருக்கறதை மாத்த முடியாது, நெட் வேண்டாம், எதுவும் சாம்பல் ஆகாது. ஆனா அவங்க கைல இருக்கற பாட்டு மட்டும்தான்.

தாரணி_எம்

ஒரு தேதியில என்ன கேட்டாங்கன்னு தொகுப்புல உறைஞ்சு நிக்கும்னு ராமு சொன்னது யோசிக்க வைக்குது. ஆனா அது காப்பகத்துக்கான வாதம். வாங்கறவங்க யாரு?

காப்பக_ராமு

வாங்குகிறார்கள், அக்கா. எண் போட்ட நவ் 2018 ஜூலையில் 100-ஐத் தொட்டது, 2025-ல் 120. வருடத்துக்கு மூன்று என்ற கணக்கு மாறவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை தருவது 2021-ல் தொடங்கிய இயர்புக் வரிசை. முதலில் வந்தது 1983. ஒரே ஆண்டுக்கு 4 சிடி, வண்ண எல்பி, ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதிய புத்தகம், பிறகு விட்டுப்போனவற்றுக்கு 'எக்ஸ்ட்ரா' என்று தனிப் பெட்டி. புதுப் பாட்டை வேகமாகக் கொடுப்பதில் ஸ்ட்ரீமிங்கோடு போட்டி போட முடியாது. சிங்கிள் வடிவத்தைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதில் போட்டியே இல்லை. சோனி, யூனிவர்சல் இரண்டும் சேர்ந்து நடத்துவதால் பெரும்பகுதி மாஸ்டர் வீட்டிலேயே இருக்கிறது, மற்றவர்களிடம் உரிமம் வாங்கினால் போதும்.

பிளேலிஸ்ட்டே போதும் என்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள்: பெயர், பாடகர், ஐ.எஸ்.ஆர்.சி., நீளம், அன்றைய தேதி. முந்தைய கோப்போடு ஒப்பிட்டால் எது மாறியது, எது போனது என்று வரி வரியாகத் தெரியும்.

பி_பக்கம்

சேகர் சொன்னபடி நீளத்தை வைத்துத் தேடியதில் ஒரு வழி புலப்பட்டது. சிங்கிள் வடிவங்கள் பெரும்பாலும் குழுவின் 'டீலக்ஸ்' மறுவெளியீட்டின் கடைசித் தடங்களிலும், அவர்களுடைய சொந்த ஹிட்ஸ் தொகுப்பிலும் ஒளிந்திருக்கின்றன. பாட்டைத் தேடாமல் குழுவின் ஹிட்ஸ் ஆல்பத்தைத் திறந்து அங்கிருந்து சேர்க்க வேண்டும். நவ் 4-ன் சிடி வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? 1984-ல் 15 தடத்தோடு ஒரே சிடியாக வந்தது. அந்த 15-ன் நீளங்களையும் கேட்டலாக் எண்ணையும் இங்கே போட முடிந்தால் அடுத்து அதைக் கட்டலாம்.