எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி என்னதான் அதிகாரம்?

கரிசல்மண்:
மக்களவை எதிர்க்கட்சித் தலைவருக்கு கேபினட் அமைச்சர் அந்தஸ்து என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு துறையிடம் கோப்பைக் கேட்டு வாங்கலாமா, அதிகாரியைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா? 2014லிருந்து பத்து வருஷம் அந்த நாற்காலி காலியாகத்தானே கிடந்தது, நாடு ஓடவில்லையா?

நூலகப்பூனை:
கோப்பெல்லாம் கேட்க முடியாது. அந்தஸ்து என்பது பெரும்பாலும் மரியாதை வரிசைதான். இதற்கென்று இருக்கும் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே சம்பளமும் படிகளும்தான் இருக்கின்றன, உள்ளேயும் வீடு, பயணம், மருத்துவம் என்றே போகிறது, கடமை என்று ஒரு வரி கிடையாது. பதவிக்குக் கனம் வருவது வேறு சட்டங்களால்: சிபிஐ இயக்குநர், லோக்பால் (ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பு), தலைமைத் தகவல் ஆணையர் போன்றவர்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் அவருக்கு இடம் உண்டு.

திண்ணைவாசி:
இடம் இருந்து என்ன பயன்? தேர்தல் ஆணையர்களுக்கான 2023 சட்டப்படி குழுவில் பிரதமர், அவர் சொல்லும் ஒரு கேபினட் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். எப்போதும் இரண்டுக்கு ஒன்றுதான்! 2025 பிப்ரவரியில் ராகுல் எதிர்ப்புக் குறிப்பு கொடுத்தார், ஞானேஷ் குமார் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆகிவிட்டார்.

நூலகப்பூனை:
சிபிஐ குழு அப்படி இல்லை, மூன்றாவது ஆள் தலைமை நீதிபதி அல்லது அவர் அனுப்பும் நீதிபதி, அதனால் ஓட்டு எந்தப் பக்கமும் சாயலாம். 2019 ஜனவரியில் சிபிஐ இயக்குநர் அலோக் வர்மாவை மாற்றியபோது, மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த கார்கே எதிர்த்தார், தலைமை நீதிபதி அனுப்பிய நீதிபதி சிக்ரி பிரதமர் பக்கம் நின்றதால்தான் முடிவானது. அப்போது கார்கே எதிர்க்கட்சித் தலைவரே இல்லை என்பதையும் கவனியுங்கள். பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 இடம் வேண்டும் என்ற பழைய வழக்கத்தைக் காட்டி, 44 இடம் வைத்திருந்த காங்கிரஸுக்குப் பதவி மறுக்கப்பட்டது (1977 சட்டத்தில் இந்தக் கணக்கே இல்லை, அதிக உறுப்பினர் உள்ள எதிர்க்கட்சி, சபாநாயகர் அங்கீகாரம், அவ்வளவுதான்). சிபிஐ சட்டத்தை 2014இல் திருத்தி, பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் வரலாம் என்றார்கள். லோக்பால் சட்டத்தை அப்படித் திருத்தவில்லை, கார்கேவைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டார்கள், ஓட்டில்லாத அழைப்பு வேண்டாம் என்று அவர் போகவில்லை. முதல் லோக்பால் வந்தது 2019 மார்ச்சில்தான். நாற்காலி காலியானால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, இப்படித்தான் ஆகும்.

கரிசல்மண்:
சரி, அரசுச் செலவுகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சித் தலைவர்தானே தலைவர்?

திண்ணைவாசி:
கட்டாயமில்லை. 1967லிருந்து எதிர்க்கட்சி எம்பி ஒருவரை சபாநாயகர் நியமிப்பது வழக்கம், இப்போது கே.சி. வேணுகோபால். கோப்பும் அதிகாரியும் வேண்டுமென்றால் அந்தக் குழு வழியாகத்தான் கேட்க வேண்டும்.