குறைந்த மதிப்பெண்ணும் அக்னிவீரர் தேர்வும்: எங்கள் வீட்டு அனுபவம்

என் தம்பி பத்தாம் வகுப்பில் எடுத்தது 500க்கு 231. கொரோனா காரணமாகப் பொதுத்தேர்வு நடக்காத 2020ஆம் ஆண்டு அது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் வருகைப்பதிவையும் வைத்தே சான்றிதழ் கொடுத்தார்கள். ராணுவத்தில் நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிவீரர் திட்டத்தில், பொதுச் சிப்பாய் வேலையான ஜெனரல் டூட்டி பிரிவுக்கு விண்ணப்பிக்க மொத்தத்தில் 45 விழுக்காடு, ஒவ்வொரு பாடத்திலும் 33 வேண்டும். அதாவது 225. ஆறே மதிப்பெண் கூடுதலாக இருந்ததால்தான் எங்கள் கதையே தொடங்கியது. இப்போது தேர்வெழுதும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் பயன்படும் என்று நம்பி, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கணியம்பாடிப் பக்கம். 2022 நவம்பரில் வேலூரில் ஆள்சேர்ப்பு முகாம் நடந்தபோது தம்பிக்குப் பதினெட்டு வயது. அப்போது முதலில் ஓட்டம், பிறகு மருத்துவப் பரிசோதனை, கடைசியில்தான் எழுத்துத் தேர்வு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்து முதல் குழுவில் வந்தான், உயரம், மார்பளவு எதிலும் குறையில்லை, ஊரே பாராட்டியது. எழுத்துத் தேர்வு முடிவில் மட்டும் அவனுடைய எண் இல்லை.

2023இல் நடைமுறையையே மாற்றிவிட்டார்கள். கணினி வழி எழுத்துத் தேர்வு முதலில், அதில் தேறியவர்களுக்கு மட்டுமே ஓட்டம் என்றானது. ஓட்டத்தை நம்பியிருந்த என் தம்பிக்கு அது பெரிய அடி. ஐம்பது கேள்வி, நூறு மதிப்பெண், ஒரு மணி நேரம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறையும். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, ஐம்பதையும் நிரப்பிவிட்டு வந்தான். வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து கணக்குப் போட்டோம். இருபத்தாறு சரி என்று வைத்தால் 52, தவறு இருபத்து நான்குக்கு 12 போக மீதி 40. தேர்ச்சிதானே என்று இருந்தோம். ராணிப்பேட்டையில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் முடிவு வந்தது. கைப்பேசியில் பதிவெண்களை மேலும் கீழும் மூன்று முறை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

35 என்பது வெறும் தகுதிக் கோடு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அதைத் தாண்டியவர்களில், காலியிடங்களுக்கு ஏற்ப மேலிருந்து எத்தனை பேரை அழைக்கிறார்கள் என்பதுதான் உண்மையான கோடு. அது ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு அலுவலகம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். வேலூர் மாவட்டம் சென்னை அலுவலகத்தின் கீழ் வருவதால், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பிள்ளைகளோடும் சேர்த்துத்தான் எங்கள் பிள்ளைகளின் வரிசை போடப்படுகிறது.

2024இலும் எண் வரவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வீடு தேடி வந்து, குறைந்த மதிப்பெண்ணாக இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறது, இடம் வாங்கித் தருகிறேன் என்றார். அப்பா, அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாயைத் தவிர இதில் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்று நான் வாசலில் நின்று சொன்னேன். இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது. தயவுசெய்து யாரும் ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு முறையாக உட்கார்ந்தோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் அறிவியல், கணக்குப் புத்தகங்களை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினேன். தெரியாத கேள்விகளை என்ன செய்வது என்பதற்கு ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினாறு கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை குறித்தால் நான்கு சரியாகலாம், எட்டு மதிப்பெண் வரும். பன்னிரண்டு தவறுக்கு ஆறு போய்விடும். இரண்டு மதிப்பெண்ணுக்காக அவ்வளவு நேரமும் வீண். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் இல்லை என்று தெரிந்தால் மட்டும் குறிப்பது, மற்றதை விட்டுவிட்டுத் தெரிந்த கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பது என்று முடிவு செய்தோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, 2025இல் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடந்ததுதான். முன்பு ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. இலாப நட்டக் கணக்கைத் தமிழில் சொன்னால் வாயாலேயே போட்டுவிடும் பையன், ஆங்கிலத்தில் கேள்வியைப் படிப்பதற்குள் இரண்டு நிமிடத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அறிவு குறைவு என்று மூன்று ஆண்டுகள் நாங்களே நினைத்திருந்தோமே என்பதுதான் என் வருத்தம்.

இந்த முறை எங்கள் கணக்குப்படி ஐம்பத்தைந்துக்கு அருகில் வந்தது. உயர்ந்த மதிப்பெண் இல்லைதான், ஆனால் எண் வந்தது. ஓட்டத்துக்கு 60, கம்பியைப் பிடித்து உடலை மேலே தூக்கும் புல் அப்ஸ் பத்துக்கு 40 என்று உடற்தகுதியில் முழு நூறும் எடுத்தான். இறுதிப் பட்டியலில் எழுத்துத் தேர்வோடு இதையும் சேர்த்துப் பார்ப்பதால், எழுத்தில் விட்ட இடத்தை ஓட்டத்தில் பிடித்துவிட்டான்.

கம்மவான்பேட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்:

அம்மா, நீங்கள் எழுதியதை என்னிடம் ஓடவரும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லில், 1914–18 போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் துறந்ததாகவும் பொறித்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில், பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஐந்தே கால் நிமிடத்தில் ஓடும் பையன்கள் ஓட்டத்துக்கே அழைக்கப்படாமல் வீடு திரும்புவதை இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். நான் 1988இல் சேர்ந்தபோது ஓடி முடித்தவனைத்தான் எழுத உட்கார வைத்தார்கள். புதிய முறையைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதால், காலை ஓட்டத்தில் அரை மணி நேரத்தைக் குறைத்து, ஆற்றங்கரையிலேயே கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் 45 விழுக்காடு இல்லாதவர்கள் மனம் உடைய வேண்டாம். சமையல், சலவை போன்ற வேலைகளுக்கான டிரேட்ஸ்மேன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மெஸ் கீப்பர், ஹவுஸ் கீப்பர் வேலைகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். 2025 முதல் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. சமையல்காரனா, துணி வெளுப்பவனா என்று ஊரில் கேலி பேசுவார்கள். பனியில் காவல் நின்றுவிட்டு வந்தவனுக்குச் சூடான ரொட்டி போட்டுக் கொடுத்தவனை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவர்:

ஐயா, நான் பத்தாம் வகுப்பில் 208. ஜெனரல் டூட்டிக்கு வழியில்லை என்று தெரிந்ததும் விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டேன். டிரேட்ஸ்மேன் பற்றி இப்போதுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புக்கு வயது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் வரலாமா? அக்கா, அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

மீண்டும் ஹவில்தார்:

வா தம்பி. முதல் பேருந்தைப் பிடித்துவிடு. ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் மட்டும் கையில் இருக்கட்டும்.