‘இரண்டு மகத்தான சுடர்கள்’: பையனுக்கு என்ன பதில் சொல்வது?

ஞாயிறு பள்ளி டீச்சர்:
சபையில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஆதியாகமம் முதல் அதிகாரம். நாலாம் நாளில் தேவன் பகலை ஆளப் பெரிய சுடர் (சூரியன்), இரவை ஆளச் சிறிய சுடர் (சந்திரன்) என ‘இரண்டு மகத்தான சுடர்களை’ உண்டாக்கினார் என்று வாசித்ததும் ஒரு பையன் கை தூக்கினான். மாமாவின் டெலஸ்கோப்பில் சனியை வளையத்தோடு பார்த்திருக்கிறானாம். “டீச்சர், சந்திரனைவிடச் சனி எவ்வளவோ பெரிசு. சந்திரனுக்குச் சொந்த வெளிச்சமும் கிடையாது. அப்புறம் ஏன் அதை மகத்தான சுடர்னு போட்டிருக்கு?”

கேலிக்குக் கேட்கவில்லை, முகம் வாடியிருந்தது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். நான் வேதத்தை நம்புகிறவள். அவன் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன சொல்லலாம்?

விசுவாசி:
சகோதரி, டெலஸ்கோப் மனுஷன் செய்தது, வேதம் தேவன் தந்தது. அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வயதில் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பழைய புத்தகப் பிரியன்:
அக்கா, அந்தப் பையன் கேட்டதை அப்படியே சபைச் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் 1554இல் எழுதியிருக்கிறார். அப்போது டெலஸ்கோப்பே கிடையாது. சனி சந்திரனைவிடப் பெரியது என்று வானியலாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள், அது சரிதான் என்று ஒத்துக்கொள்கிறார். மோசே வானியல் பாடம் நடத்தவில்லை, படிக்காதவனும் அண்ணாந்து பார்த்தால் தெரிவதைச் சொன்னார் என்பது அவர் விளக்கம். வானியலைப் பழிக்காதீர்கள் என்றும் அதே இடத்தில் சொல்கிறார்.

மேலே எழுதிய சகோதரருக்கு: வானத்தைப் பற்றித் தெரியாமல் பேசிவிட்டு வேதத்தைச் சாட்சிக்கு இழுத்தால், கேட்பவன் உயிர்த்தெழுதலைக்கூட நம்பமாட்டான் என்று ஆதிச் சபைப் போதகர் அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். கலிலியோ 1615இல் அதை எடுத்துக்காட்டி எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633இல் கலிலியோவைத் திருச்சபை விசாரித்து வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1642இல் சாகும்வரை அப்படியே இருந்தார்.

வசன ஆராய்ச்சி:
‘சிறிய சுடர்’ என்பதிலேயே பிரதிபலித்த ஒளி என்ற அறிவியல் உண்மை மறைந்திருக்கிறது என்றும் சொல்லலாமே?

பழைய புத்தகப் பிரியன்:
அது வேண்டாம் தம்பி. கலிலியோவே அந்த வழியில் போனார். சூரியன் தன் அச்சில் சுழல்வது நின்றதால் கிரகங்களும் நின்றன என்று, ‘சூரியன் தரித்தது’ என்கிற யோசுவா பத்தாம் அதிகாரத்தை, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கஸின் கருத்தோடு பொருத்தினார். சூரியன் சுழல்வதால் கிரகங்கள் ஓடவில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்ற பெருவெடிப்புக் கருத்தை, ஆதியாகமத்தின் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்பதோடு சேர்த்துப் பேசினார். அந்தக் கருத்துக்கு வித்திட்ட லெமைத்தர் ஒரு பாதிரியார். அவருக்கே அது பிடிக்கவில்லை. வசனத்துக்குள் இன்றைய அறிவியலைத் திணித்தால், அறிவியல் மாறும்போது வசனமும் பொய்யாகிப்போகும்.

ஞாயிறு பள்ளி டீச்சர்:
இன்று வகுப்பு முடிந்தது. பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “ராத்திரி கரண்ட் இல்லாதபோது வெளியே நின்றால், எந்த வெளிச்சத்தில் உன் நிழல் தரையில் விழும்? சனியா, சந்திரனா?” கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். “சந்திரன்தான் டீச்சர். சனியில விழாது.” அந்த வசனம் எழுதப்பட்டது அப்படி நிற்கிறவனுக்குத்தான் என்றேன். கால்வினைப் பற்றியும் சொன்னேன். டெலஸ்கோப் இல்லாமலே சனி பெரிசு என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கிறான். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.