[கலைச்சொல்] ‘ஸ்கேட்பேக்’குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனுப்பியவர்: ஹூஸ்டன் வாசி

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதிவருகிறேன். கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் ‘கால்பந்து’ என்று எப்படிப் பெயர் வந்தது என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து யாரும் மறுபடி கிளப்ப வேண்டாம். போன மடற்சங்கிலி அதிலேயே போய்விட்டது.

இப்போது மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு 2023இல் புதுமுகமாக வந்த டெவான் ஏச்சன் பற்றிய பகுதியில் நிற்கிறேன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து ஆள். அங்கே தடகள அணியிலும் ஓடியவர். உயரம் சுமார் 5 அடி 9 அங்குலம், எடை 188 பவுண்டு, அதாவது 85 கிலோ. நம் ஊரில் இது சாதாரண உடம்பு. ஆனால் எதிரே நிற்கும் தடுப்பு வரிசை ஆட்டக்காரர்கள் பலர் 136 கிலோவைத் தாண்டியவர்கள். தேர்வு முகாமில் 40 யார்டு தூரத்தை 4.32 நொடியில் ஓடினார். அந்த வேகத்துக்காகத்தான், அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வின் மூன்றாம் சுற்றில், 84ஆவது ஆளாக எடுத்தார்கள்.

இந்த வகை ஆட்டக்காரரை அங்கே ‘ஸ்கேட்பேக்’ என்கிறார்கள். பொது வகையின் பெயர் ‘ரன்னிங் பேக்’. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். (குவாட்டர்பேக்குக்கும் சீக்கிரம் ஒரு சொல் வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லின் முன்பாதியைக் கேட்டதும் வாசகர் கடைப்பக்கம் திரும்பிவிடுகிறார்.) எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: ரன்னிங் பேக்குக்கு ஒன்று, அதில் இந்தச் சின்ன, வேகமான ரகத்துக்கு ஒன்று. தொடக்கமாக ‘பின்னோடி’, ‘ஓட்டர்’ இரண்டையும் வைக்கிறேன். பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

———

அனுப்பியவர்: ஒற்றெழுத்து

> தொடக்கமாக ‘பின்னோடி’, ‘ஓட்டர்’ இரண்டையும் வைக்கிறேன்

தம்பி, இரண்டையும் தூக்கிப் போடுகிறேன். ‘முன்னோடி’ இருக்கிறதே என்று ‘பின்னோடி’ செய்தால் புணர்ச்சி சரி, பொருள் சரியில்லை. ஒருவர் பின்னால் ஓடும் எடுபிடி என்றுதான் தொனிக்கும். அணியின் பந்தையே சுமக்கிறவரை அப்படிச் சொல்லலாமா? ‘ஓட்டர்’ என்றால் ஊரில் வாக்காளர் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

ஆடுநர், பாடுநர் சங்க இலக்கியத்திலேயே உண்டு. அந்த வழியில் ரன்னிங் பேக்குக்குப் ‘பின்கள ஓடுநர்’. சின்ன, வேகமான ரகத்துக்குக் ‘குறுவிரை ஓடுநர்’. புதுமுகத்துக்குத் தனிச்சொல் வேண்டாம். சினிமாவில் பழகிய ‘புதுமுகம்’ போதும்.

———

அனுப்பியவர்: ஹூஸ்டன் வாசி

ஐயா, ‘ஓடுநர்’ இலக்கணச் சுத்தம். ஆனால் அச்சில் ஓர் எழுத்து கூடினால் ‘ஓட்டுநர்’ ஆகி, ஆள் பேருந்தில் ஏறிவிடுவார். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் அதைத் தானாகவே செய்தும் வைக்கும்.

‘குறுவிரை’யில் எனக்கு இன்னும் பெரிய தகராறு இருக்கிறது. இந்த வகையை உயரத்தை வைத்துப் பெயரிட்டால் ஆட்டம் தப்பாகப் புரியும். பாரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம்தான். 1989இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குப் புதுமுகமாக வந்து, அந்த ஒரு பருவத்தில் 280 முறை பந்தைச் சுமந்து 1,470 யார்டு ஓடினார். ஆட்டத்துக்கு ஆட்டம் அணியின் பாரமே அவர் தோளில்தான். அவரை ஸ்கேட்பேக் என்று சொன்னால் டெட்ராய்ட்டில் சண்டைக்கு வருவார்கள். குள்ளமாக இருப்பது ஒன்று, ஸ்கேட்பேக்காக இருப்பது வேறு.

அப்படியானால் ஸ்கேட்பேக் என்ன செய்கிறார்? கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சொல் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

மைதானத்தின் அகலம் 160 அடி. தடுக்கும் அணியில் 11 பேர். இந்த அகலம் முழுவதையும் காக்க அவர்களுக்கு ஆள் போதாது. அதனால் நடுவில் குவிந்து நின்று, பந்து எங்கே போகிறதோ அங்கே பாய்கிறார்கள். வேகமான ஒருவர் பின்களத்தில் இருந்தால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். பந்து ஆட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன் அவர் பக்கவாட்டில் ஓடத் தொடங்குவார். ஒருவர் மட்டும் அப்படி நகரலாம், முன்னோக்கி அல்ல என்பது விதி. ‘இவன் ஓரத்தைப் பிடித்துவிட்டால் தொலைந்தோம்’ என்று லைன்பேக்கர் (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் காவலர்) ஓரடி அந்தப் பக்கம் வைப்பார். பந்து இந்தப் பக்கம் போய்விடும். நம் ஆள் பந்தைத் தொடவே இல்லை, ஆனால் அந்த ஓரடியை அணிக்குச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார். புள்ளிவிவரத்தில் இது எங்கும் ஏறாது.

அடுத்தது பந்தைப் பிடிப்பது. அவர் பின்களத்திலிருந்து நழுவி ஓரத்துக்குப் போனால், பின்தொடர வேண்டியவர் பல சமயம் 105 கிலோ லைன்பேக்கர். திறந்த வெளியில் அந்த ஓட்டப்பந்தயத்தின் முடிவு முன்கூட்டியே தெரியும். டேரன் ஸ்புரோல்ஸ் இதில்தான் பேர் வாங்கினார். 5 அடி 6 அங்குலம். 2005இல் நான்காம் சுற்றில் சான் டியேகோ சார்ஜர்ஸ் எடுத்தது. அங்கே பந்தைச் சுமக்க லடேனியன் டாம்லின்சன் இருந்ததால், புதுமுக ஆண்டில் இவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் எதிரணி உதைத்த பந்தை எடுத்துத் திரும்பி ஓடும் வேலை. 2011இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போனதும் 86 பந்துகளைப் பிடித்தார். ஓட்டம், பிடிப்பு, உதைபந்துத் திருப்பம் எல்லாம் சேர்த்து 2,696 யார்டு. ஒரே பருவத்தில் அதுவரை லீக்கில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

உயரக் குறைவுக்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. தன் அணியின் ஆறடி நான்கங்குல மனிதர்களுக்குப் பின்னால் அவர் மறைந்துவிடுவதால், எந்த இடுக்கிலிருந்து வெளிவருவார் என்று எதிரணிக்குத் தெரிவது தாமதமாகிறது. கபடியில் இடுப்புக்குக் கீழே குனிந்து நழுவும் ரெய்டரைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரன்னிங் பேக் ஓடினால் மட்டும் போதாது. குவாட்டர்பேக் பந்தை வீசத் தயாராகும்போது அவர்மேல் பாய வரும் ஆளை மறித்து நிற்கவும் வேண்டும். 85 கிலோ உடம்போடு, 110 கிலோ ஆள் வேகமாகப் பாய்ந்து வருகையில், நெஞ்சைக் கொடுப்பது லேசில்லை. அதைவிடக் கடினம், ஐந்து பேரில் யார் வரப்போகிறார் என்று ஒரு நொடியில் கண்டுபிடிப்பது. புதுமுகங்கள் பலர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஓட்டத்தில் குறை காரணமல்ல, இந்த மறிப்புதான் காரணம். ஆட்டத்துக்கு 25 முறை அவர் தலையில் பந்தைக் கட்டினால் உடம்பும் தாங்காது.

ஆகவே சொல்லில் ‘குறு’ வேண்டாம். செய்யும் வேலை தெரிகிற சொல் வேண்டும்.

———

அனுப்பியவர்: ஸ்காபரோத் தமிழன்

வணக்கம். இஞ்சை கனடாவில் நாங்கள் வேறொரு கால்பந்தைப் பார்க்கிறோம். மைதானம் 65 யார்டு அகலம், உங்களுடையதைவிட 35 அடி கூட. அணிக்கு 12 பேர். பந்தைப் 10 யார்டு முன்னே கொண்டுபோக நான்கு முயற்சிக்குப் பதில் மூன்று. பந்து ஆட்டத்துக்கு வரும்போது பின்களத்தில் நிற்பவர்கள் பலர் முன்னோக்கியே ஓடிவரலாம். வெளி கூட, முயற்சி குறைவு. சின்ன, வேகமான ஆட்களுக்கு இதைவிட என்ன வேணும்?

டொராண்டோ ஆர்கோனாட்ஸின் மைக்கேல் ‘பின்பால்’ கிளெமன்ஸ் இதற்கு எங்கட சாட்சி. உயரம் ஐந்தரை அடிதான். அமெரிக்க லீக்கான என்எஃப்எல்லில் கன்சாஸ் சிட்டியில் கொஞ்சக்காலம் இருந்து, இடம் கிடைக்காமல் 1989இல் இங்கு வந்தார். அடுத்த ஆண்டே லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். ஆட்களில் மோதித் தெறித்து மறுபடி ஓடுவதைப் பார்த்துத்தான் ‘பின்பால்’ பட்டம். இன்றைக்கும் இந்த நகரத்தில் அவரைத் தெரியாத பெரியவர்கள் குறைவு.

சொல்லுக்கு வருகிறேன். ‘ஊடாக’ என்பது எங்களுக்கு நித்தம் புழங்கும் சொல். காட்டுக்கு ஊடாகப் போனோம், வானொலி ஊடாகக் கேட்டோம் என்றுதான் கதைப்போம். ஆட்களுக்கு ஊடாக ஓடுபவர் ‘ஊடோடி’. நாடோடி, வானோடி போல நாக்கில் நிற்கும். ஓடுவதை ‘ஊடோட்டம்’ என்றும் சொல்லலாம். இது ரன்னிங் பேக்குக்குப் பொதுச்சொல். சின்ன ரகத்துக்கு நீங்களே பாருங்கோ.

———

அனுப்பியவர்: வேலூர் வாத்தியார்

‘ஊடோடி’ நல்ல சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் ‘ஊடு’ என்றால் வீடு. ‘ஊட்டுக்குப் போறேன்’ என்பார்கள். வகுப்பில் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன், ‘ஊட்டை விட்டு ஓடிப்போனவனா சார்?’ என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. இருந்தாலும் ஊடுபயிர், ஊடுருவல் எல்லாம் அவர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற சொற்கள்தான். நாலு நாள் பழகினால் சிரிப்பு அடங்கிவிடும்.

இன்னொன்று, ஹூஸ்டன் தம்பி. அந்தப் பையன் பெயரை வேகமாகப் படித்தால் ‘ஏய்ச்சான்’ என்றல்லவா வருகிறது! எதிரணியைத் திறமையாகத்தான் ஏய்த்திருப்பான் போல.

தம்பி தன் மடலிலேயே விடையை வைத்துவிட்டார். ‘திறந்த வெளியில் அந்த ஓட்டப்பந்தயத்தின் முடிவு’ என்று எழுதியிருக்கிறாரே, அதுதான். ஸ்கேட்பேக்குக்கு ‘வெளியோடி’. வெளி என்றால் ஓரப்பக்கமும் ஆகும், திறந்த இடமும் ஆகும். பயிற்சியாளர் அவரை அனுப்ப நினைப்பதும் இந்த இரண்டு இடத்துக்குத்தானே? ஊடோடி பொது, வெளியோடி அதில் ஒரு வகை. சோடியாகவும் இருக்கிறது.

———

அனுப்பியவர்: ஒற்றெழுத்து

ஓடுநரைக் கைவிடுகிறேன், பேருந்து நகைச்சுவைக்காக அல்ல. நாடு + ஓடி எப்படி நாடோடி ஆனதோ, அப்படியே ஊடு + ஓடி. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறுகிறது. ‘வெளியோடி’யில் யகர உடம்படுமெய். குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ஓர் ஐயம். எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே ஓடிவிடுபவர் என்று வாசகர் நினைக்க மாட்டாரா? இந்த ஆட்டத்தில் கோட்டைத் தாண்டுவது அடிக்கடி நடப்பது என்று கேள்விப்பட்டேன்.

———

அனுப்பியவர்: ஸ்காபரோத் தமிழன்

அதற்குக் ‘கோடு தாண்டினார்’ என்று எழுதினால் முடிந்தது. ஊரில் கிளித்தட்டு விளையாடின காலத்திலும் கோடுதான்.

———

அனுப்பியவர்: ஹூஸ்டன் வாசி

எல்லாருக்கும் நன்றி. ‘வெளியோடி’யில் எனக்கிருந்த தயக்கம் வேறு: இவர்கள் நடுவிலும் ஓடுவார்கள். ஆனால் நடுவில் ஓடும்போது வெளியோடியும் ஊடோடிதான். வகைப்பெயர் பொதுப்பெயருக்குள் அடங்குவதால் முரண் இல்லை.

எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். தொடரிலிருந்து ஒரு பத்தி:

‘முதல் ஆட்டத்தில் ஏச்சன் களத்தில் இறங்கவில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு ஊடோட்டம், 5 யார்டு. மூன்றாவது ஆட்டம் 2023 செப்டம்பர் 24 அன்று, டென்வர் பிராங்கோஸுக்கு எதிராக. அன்று அந்தப் புதுமுக வெளியோடி 18 ஊடோட்டங்களில் 203 யார்டு எடுத்தார். ஓடி இரண்டு, பந்தைப் பிடித்து இரண்டு என நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது). அணியின் மூத்த ஊடோடி ரஹீம் மோஸ்டர்ட்டும் நான்கு. மயாமி 70, டென்வர் 20. லீக்கில் ஓர் அணி 70 புள்ளியைத் தொட்டது 1966க்குப் பிறகு அதுவே முதல் முறை. அடுத்த இரு ஆட்டங்களிலும் ஏச்சன் நூறு யார்டைத் தாண்டினார். பிறகு முழங்கால் காயத்தால் சில வாரங்கள் ஆட முடியவில்லை. திரும்பிவந்த ஆட்டத்திலேயே மறுபடி வெளியேற வேண்டியதாயிற்று. ஆனாலும் 11 ஆட்டங்களில், 103 ஊடோட்டங்களில், 800 யார்டு. ஓர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 7.8 யார்டு. அந்த லீக்கில் 5 யார்டு எடுத்தாலே நல்ல ஊடோடி என்பார்கள். மோஸ்டர்ட் அந்தப் பருவத்தில் 209 முறை சுமந்தார். வெளியோடி சுமந்தது அதில் பாதி.’

எனக்குப் படிக்கையில் எங்கும் இடறவில்லை. ‘சுமத்தல்’ என்ற வினையும் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

யார்டுக்குக் ‘கெஜம்’ போடலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அளவு ஒன்றுதான், ஆனால் ‘203 கெஜம்’ என்றால் புடவைக் கடை வாசனை வருகிறது. யார்டாகவே இருக்கட்டும்.

———

அனுப்பியவர்: வேலூர் வாத்தியார்

பத்தி நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆட்டக்காரரைப் பற்றி ஒரு கேள்வி. இப்படிப்பட்டவர் ஓடுவார், பிடிப்பார், திருப்புவார் என்கிறீர்கள். ஒரே ஆள் முதல் ஆண்டிலேயே எல்லாம் செய்ததுண்டா?

———

அனுப்பியவர்: ஹூஸ்டன் வாசி

உண்டு, வாத்தியார் ஐயா. டாரிக் கோகென், 5 அடி 6 அங்குலம், 2017இல் சிகாகோ பேர்ஸ். புதுமுக ஆண்டிலேயே ஓடி இரண்டு டச்டவுன், பிடித்து ஒன்று, உதைபந்தைத் திருப்பி ஒன்று. அது போதாதென்று பந்தை வீசியும் ஒன்று எடுக்க வைத்தார். அதே சிகாகோவில் 1965இல் கேல் சேயர்ஸ் என்ற புதுமுகம் செய்த பிறகு அந்த நான்கையும் எந்தப் புதுமுகமும் செய்திருக்கவில்லை. இத்தனைக்கும் அணியின் முதன்மை ஊடோடி அவர் அல்ல, ஜோர்டன் ஹவர்ட். எந்தப் பக்கம் போவார் என்று ஊகிக்க முடியாததால் ‘மனித ஜாய்ஸ்டிக்’ என்று பட்டப்பெயர். அதற்குத் தமிழ் கேட்கமாட்டேன், பயப்பட வேண்டாம்.

கேட்க வேண்டியது ‘பிளிட்ஸ்’. குவாட்டர்பேக்மேல் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்களை ஏவிவிடுவது. அதை மறிக்கிற வெளியோடியின் வேலைக்கும் சேர்த்து ஒரு சொல் கிடைத்தால் அடுத்த பகுதியை ஞாயிறுக்குள் முடித்துவிடுவேன். ஒற்றெழுத்து ஐயா, ‘பாய்ச்சல்’ போதுமா, இல்லை கூடுதல் ஆள் என்பதும் சொல்லில் தெரிய வேண்டுமா?