இனப்படுகொலையைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கணுமா? உங்க அனுபவத்தைப் போடுங்க

சாக்பீஸ் மதுரை:
பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தாள். 1930–1950 காலக்கோடு, அஞ்சு மார்க். எல்லாரும் 1933 ஹிட்லர், 1939 போர், 1945 ஹிரோஷிமான்னு குறிச்சிருந்தாங்க. ஆனையூர் இலங்கை அகதிகள் முகாம்லருந்து வர்ற புள்ள மட்டும் 1950ஓட நிறுத்தல. மார்ஜினையும் தாண்டிக் கோட்டை இழுத்து, 2009ன்னு போட்டு ஒரு புள்ளி வச்சிருந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு பேரு எழுதல. அது பொறந்ததே இங்க பெரியாஸ்பத்திரிலதான். அஞ்சும் போட்டேன். தாளைக் குடுத்ததும் மேசைகிட்ட வந்து, "சார், அந்தப் புள்ளிக்கும் சேத்தா அஞ்சு?"ன்னு கேட்டுச்சு. பெல் அடிச்சிருச்சு. இன்னும் உறுத்துது.

உசிலை ராசா:
2009 முள்ளிவாய்க்கால் இருக்கட்டும் சார், நம்ம உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர எவன் சொல்லிக் குடுக்குறான்? 1920 ஏப்ரல் 3. வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனத்துல போலீஸ் சுட்டு 16 பேரு போனாங்க, மாயக்காளும் சேத்து. போன மாசம் நினைவுத்தூண்கிட்ட வண்டிய நிறுத்துனேன். கூட வந்த காலேஜ் பய பேர்களப் பாத்துட்டு, "கோயில் நன்கொடை லிஸ்டா மாமா?"ங்குறான். உசிலம்பட்டியிலேயே படிச்ச பய!

வைகைக்கரை:
ராசா, துப்பாக்கிச்சூடு வேற, இனப்படுகொலை வேற. 1948 ஐ.நா. உடன்படிக்கைப்படி ஒரு இனத்தையோ மதத்தாரையோ முழுசாவோ பகுதியாவோ அழிக்கிற நோக்கம் இருக்கணும். என் அனுபவம் சின்னது. டொரண்டோவுல இருக்க அக்கா மக வீடியோ கால்ல, "அங்க தமிழ்ப் புள்ளைகளுக்கே இது பாடத்துல இல்லியா?"ன்னா. அந்த ஒன்டாரியோ மாகாணத்துல தமிழ் இனப்படுகொலை பத்தி 2021லயே சட்டம் போட்டுட்டாங்கல்ல. சாருக்கு ஒண்ணு சொல்றேன். மொதல்ல பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போடுங்க. அப்புறம் முள்ளிவாய்க்கால் நாள் மே 18க்கு லீவா இருக்கும், அதனால டிசம்பர் 9 வச்சுக்கங்க, உடன்படிக்கை வந்த நாள். ருவாண்டா, கம்போடியா, ஆர்மீனியா எல்லாத்தையும் வரிசையா எடுங்க. ஸ்மார்ட் போர்டு இருந்தா படம் போட்டுக் காட்டுங்க. முகாம் பெரியவங்க யாரையாவது கூப்புட்டுப் பேச வைங்க. பரீட்சை மட்டும் வைக்காதீங்க.

தெப்பக்குளத்தான்:
ஒன்டாரியோ சட்டம் மே 18ல முடியிற ஒரு வாரத்தை அறிவிச்சது, அவ்வளவுதான். கட்டாயப் பாடம்னா அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்தைச் சொல்லுங்க. 1990ல யூதப் படுகொலை, 2005ல மத்த இனப்படுகொலைகளும் சேந்துச்சு.

உசிலை ராசா:
நோக்கம்னா என்ன வைகைக்கரை? பொறக்கும்போதே குற்றவாளின்னு ஒரு சாதி மொத்தத்தையும் எழுதி வச்சானே, அதுல நோக்கம் இல்லியா?

சாக்பீஸ் மதுரை:
படம் போடுங்கன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க அண்ணே. என் வகுப்புல முகாம் புள்ளைக ரெண்டே பேரு. படம் ஓடுறப்ப மத்தவங்க போர்டைப் பாக்க மாட்டாங்க, திரும்பி அந்த ரெண்டு பேரைத்தான் பாப்பாங்க. அதுக்கு வழி சொல்லுங்க.