ஊர்ப் பொதுத் தோப்பில் ஒரு பழைய இலந்தை: அதே பழம் தரும் கன்று எடுப்பது எப்படி?

தோப்புக்காரன் (தேவிபட்டினம் பக்கம்):
புறம்போக்குத் தோப்பு, ஒன்றரை ஏக்கர், மணல் தரை. பழைய இலந்தை மூணு நிக்குது. அதுல ஒண்ணுல மட்டும் பழம் பெருசு, சதைப்பத்து, துவர்ப்பே கிடையாது. ஆனா அடிமரம் பாதி பொந்து. கொட்டை போட்டா சின்னப் பழமாத்தான் வருதுன்னு பெரியவங்க சொல்றாங்க. போர்த் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) 3,000-க்கு மேல. மீதி இடமெல்லாம் சீமைக்கருவேலம். நர்சரி ரகம் வேண்டாம், இந்த மரமேதான் வேணும். வழி இருக்கா?

ஒட்டுக்கத்தி:
பெரியவங்க சொன்னது சரி. பெரும்பாலும் பக்கத்து மரத்து மகரந்தம் கலந்துதான் இலந்தை காய்க்கும். அதனால கொட்டையில தாய்க் குணம் வராது, இந்த மரத்துக் குச்சியில இலைக்காம்பு அடியில இருக்கிற மொட்டை எடுத்து, கொட்டையில முளைச்ச நாட்டு இலந்தைச் செடியில கட்டணும். ஆப்பிளும் இப்படித்தான். இங்கிலாந்துல 1809-ல விதை போட்டு வந்த பிராம்லிங்கிற ஆப்பிள் ரகத்தோட முதல் மரத்தைப் பூஞ்சை அரிச்சும் ரகம் அழியலை. குச்சி எடுத்து ஒட்டிக்கிட்டே வந்ததுதான் காரணம்.

மொட்டுக் கட்டுறதுக்கான நாட்டுக் கன்றைப் பையில வளர்க்காதீங்க. ஆணிவேர் சுருண்டுக்கும், அப்புறம் கோடையில காயும். நட வேண்டிய குழியிலேயே கொட்டை போடுங்க. 10 லிட்டர் தண்ணிக்கு 2 கிலோ உப்பு கரைச்சு நாட்டு இலந்தைக் கொட்டையைக் கொட்டினா, மிதக்கிறது சொத்தை. மூழ்கினதை நல்ல தண்ணியில கழுவி, உள்பருப்பு நசுங்காம மேல் ஓடு மட்டும் விரியற மாதிரி லேசாத் தட்டி உடைங்க. ஒரு வாரம், பத்து நாள்ல முளைக்கும். உடைக்காம போட்டா மாசக்கணக்குல காக்க வைக்கும். ஐப்பசி மழையில குழிக்கு மூணு கொட்டை, 8 மீட்டர் இடைவெளி.

மாசி கடைசியில, பழம் ஓய்ஞ்சதும், தாய் மரத்துல ஒரு கிளையை மட்டும் கவாத்து பண்ணுங்க (வெட்டி விடுங்க). அதுல வர்ற புதுக் குச்சியிலதான் கொழுத்த மொட்டு கிடைக்கும். பூ எடுத்த கணு உதவாது.

உப்பங்காத்து:
மொட்டு கட்டுறதை ஆடியில வச்சுக்காதீங்க. கச்சான் காத்துல (மேல்காத்து) புதுத் தளிர் ஒட்டின இடத்திலேயே பிய்ஞ்சு போகும். ஆவணி கடைசி, புரட்டாசில முதல் மழை விழுந்து பட்டை சுலபமாக் கழண்டு வரும்போது கட்டுங்க. கத்தி வச்சதும் பட்டை நார் நாராப் பிய்ஞ்சா இன்னும் நேரம் வரலை.

தண்ணி விஷயம்: தினம் கொஞ்சம் தெளிச்சா உப்பு மேல்மண்ணுலயே படியும். வாரத்துக்கு ஒரு தடவை வேரடி நனைய நிறைய விடணும், மேல பனையோலை மூடாக்கு. முதல் வருஷம் மட்டும் ஊருணித் தண்ணி கிடைச்சா நல்லது, வளர்ந்த இலந்தை உப்பைத் தாங்கும். ஜிப்சம் போடச் சொல்வாங்க; களிமண்ணுக்குச் சரி, மணலுக்குக் காசு வீண்.

கருவேலத்தை மேலோட வெட்டினா பத்து கிளையாத் துளிர்க்கும். தரைக்குக் கீழ ஒரு அடி தோண்டி வேர்க்கட்டையோட எடுக்கணும். வெட்டின முள்ளையே வேலியாப் போடுங்க. இல்லைன்னா இலந்தைக் கன்னு பூரா வெள்ளாட்டுக்குத்தான்.

தோப்புக்காரன்:
நன்றிண்ணே. கட்டினது பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

ஒட்டுக்கத்தி:
மொட்டு எடுக்கும்போது இலையை நறுக்கிட்டுக் காம்பை மட்டும் விடுங்க தம்பி. பென்சில் கனத்துக்கு மேல உள்ள செடியில, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல, மேற்கு வெயில் படாத பக்கமா 'டி' மாதிரி கீறி மொட்டைச் சொருகி, கண் மட்டும் வெளிய தெரிய பாலித்தீன் நாடாவால இறுக்கிச் சுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சுக் காம்பை விரலால தொட்டா உதிரணும், அப்பப் பிடிச்சிருக்கு. காம்பு கருகி ஒட்டிக்கிட்டே இருந்தா மொட்டு செத்துப்போச்சு, மறுபக்கம் திரும்பக் கட்டலாம். குச்சியை ஈரச் சாக்குல சுத்தி அன்னைக்கே தீர்த்துடணும்.

தளிர் வந்ததும் மேல இருக்கிற நாட்டுத் தண்டை வெட்டுங்க. ஒட்டுக்குக் கீழ முளைக்கிறதை வாரா வாரம் கிள்ளணும். விட்டா நாட்டு இலந்தை ஏறி ஒட்டை அமுக்கிடும்.

பனையடி:
ஒரு குறுக்கு வழி. மத்த ரெண்டு இலந்தையில ஒண்ணை முழங்கால் உயரத்துல வெட்டி, வர்ற தளிர்ல நாலைஞ்சை மட்டும் விட்டு அதுலயே இந்த மொட்டைக் கட்டுங்க. வேர் பழசு, காய்ப்பு சீக்கிரம். ரெண்டையும் வெட்ட வேண்டாம், மகரந்தத்துக்கு வேற மரம் ஒண்ணு வேணும். எதுக்கும் முன்னாடி கிராம சபையில தீர்மானம் போட்டு வச்சுக்குங்க, பொது மரத்துல கத்தி வச்சா கேள்வி வரும். மகசூல் ஏலம் போற மரமா இருந்தா ஏலக் காலம் முடிஞ்சப்புறம் தொடுங்க.

காய்க்கத் தொடங்கினா பழ ஈ வரும். புழு விழுந்த பழத்தை மரத்தடியிலேயே விட்டா புழு மண்ணுக்குள்ள கூடு கட்டி அடுத்த பருவத்துக்குத் திரும்ப வரும். பொறுக்கி ஆழமாப் புதைங்க, கோடையில அடிமண்ணைக் கொத்தி வெயில்ல காயவிடுங்க.