வால்வோ ஈஎக்ஸ்90: மென்பொருள் முடியும் முன்பே விற்பனைக்கு வந்தது ஏன்?

கேள்வி:
ஈஎக்ஸ்90 மின்சாரக் காரை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். மென்பொருளைச் சோதிக்கக் கூடுதல் காலம் வேண்டும் என்று 2023இல் உற்பத்தியைத் தள்ளிவைத்த வால்வோ, 2024இல் முதல் கார்களை ஒப்படைத்தபோது கூரையிலுள்ள லைடார் (லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் உணரி) இயங்காமலும், ஐபோன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே இல்லாமலும் கொடுத்தது. இவ்வளவு விலையுள்ள வண்டியில் இது எப்படி நேர்ந்தது?

மறுமொழி 1:
பழைய கார்களில் ஜன்னல், பிரேக், இருக்கை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அவற்றைப் பெரும்பாலும் உதிரிபாக நிறுவனங்களே மென்பொருளோடு தந்துவிடும். ஈஎக்ஸ்90இல் அந்த வேலைகளில் பலவற்றை மையக் கணினி ஏற்றுக்கொள்வதால், ஓரிடத்தில் செய்யும் திருத்தம் வேறோரிடத்தைக் கெடுக்கவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. 1927 முதல் கார் செய்துவரும் நிறுவனத்துக்கும் இது புதிய தொழில்தான்.

மறுமொழி 2:
இணையவழிப் புதுப்பிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2026 மாடலில் மையக் கணினிக்கு என்விடியா நிறுவனத்தின் இரண்டு ஓரின் சில்லுகளைப் பொருத்தியபோது, 2025 மாடல் உரிமையாளர்களுக்கும் மையக் கணினியை இலவசமாக மாற்றித் தருவதாக வால்வோ அறிவித்தது. மென்பொருள் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் கணினியையே கழற்ற வேண்டிய தேவை வந்திருக்காது. பெரிதாக விளம்பரப்படுத்திய லைடாரையோ, பின்னர் நிறுவனமே கைவிட்டது. வாங்கியவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

மறுமொழி 3:
பழைய 2025 வண்டி மலிவாகக் கிடைத்தால், கணினி மாற்றப்பட்டதற்கான சேவைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். "விரைவில் வரும்" என்று சொல்லப்படும் வசதிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.